தூங்கும் பிள்ளையைப் படம் எடுக்கச் சொன்ன கடிதம்

போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து பிரீத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். குரலே சரியில்லை. ஒரே நாளில் முந்நூறு அம்மாக்களுக்குக் கடிதம் அனுப்புகிற புது சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம். அது எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டது. கல்லூரிக்குப் போகிற மகனை வைத்திருப்பவளுக்கும் பால் புட்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. நாலைந்து பேர் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் போட்டு ஊரையே சிரிக்க வைத்துவிட்டார்கள்.

"மேடம், உங்க டயத்துல இப்படியெல்லாம் ஆனதே இல்லையா?" என்று கேட்டாள்.

ஆனதே இல்லையாவா! இதைவிடப் பெரிதாக ஆகியிருக்கிறது, என் கையெழுத்தின் மேலேயே ஆகியிருக்கிறது என்றேன். அவள் விடவில்லை, எழுதித் தாருங்கள் என்றாள். மும்பைச் செம்பூரில் வீட்டோடு இருக்கிற எனக்கு இப்போது நேரத்துக்கா பஞ்சம்? எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தத் தங்கைக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றி இணையத்தில் எழுதும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அப்போது வலைப்பதிவு, இப்போது ரீல். டிவி விளம்பரம் சொல்வதை நம்பாதவர்கள்கூட இவர்கள் சொன்னால் நம்புவார்கள். அதனால் சோப்பு, கஞ்சி மாவு, டயப்பர் விற்கும் கம்பெனிகளெல்லாம் இவர்கள் பின்னால் சுற்றும். எப்படிப் பேசுவதென்று மட்டும் கம்பெனிகளுக்குத் தெரியாது. அங்கேதான் நான் வருவேன். கல்யாணத் தரகர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்டால் தரகரைத்தான் திட்டுவார்கள், அதுவும் அப்படியே.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் கணக்கு எழுதியவர். டைப்பிங் முடித்த கையோடு லோயர் பரேலில் ஒரு விளம்பரத் தொடர்பு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, பத்திரிகைக்காரர்கள் போய் அம்மாக்கள் வந்தார்கள், நான் மட்டும் அதே ஆபீசில் இருந்தேன். அவ்வளவுதான் என் ஆரம்ப காலம். சொல்லும்படியானது எல்லாம் ராமநாதன் சாரின் அறையில்தான் நடந்தது.

ராமநாதன் சார் எங்கள் டைரக்டர். மாதுங்காவிலிருந்து லோக்கல் டிரெயினில் வருவார், கார் இருந்தும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் போகுமுன் எல்லாரும் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். காரணம், எந்தக் கடிதமும் அவர் முன்னால் வாய்விட்டுப் படிக்கப்படாமல் வெளியே போகாது. அவர் கண்ணை மூடிக்கொள்வார். நாம் படிக்க வேண்டும். "ம்" என்றால் மேலே போகலாம். பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டு தட்டினால் நின்றுவிட வேண்டும்.

"இந்த வரி யாருக்காக்கும், கிரேஸ்? அவாளுக்கா, கம்பெனிக்கா?" என்பார்.

கம்பெனிக்கு என்றால் அடித்துவிட வேண்டும். ஒரு பக்கக் கடிதம் நாலு வரியாகி வெளியே வந்த நாட்கள் உண்டு. ஆரம்பத்தில் அழுகை வரும். அப்புறம் பார்த்தால் அந்த நாலு வரிக்குத்தான் பதில் வரும்.

நான் என் பங்குக்குச் சில வழக்கங்களை ஏற்படுத்தினேன், அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஓர் அம்மாவுக்கு முதல் கடிதம் எழுதுமுன் அவள் எழுதியதில் கடைசிப் பத்துப் பதிவையாவது படித்திருக்க வேண்டும். பிள்ளையின் பெயரும் வயதும் தெரியாமல் ஒரு பார்சலும் போகக் கூடாது. போன் செய்வதென்றால் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரைக்குள், அப்போதுதான் பிள்ளைகள் தூங்கும். பொருள் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்படித்தான் நாற்பது அம்மாக்களைச் சேர்த்தேன். தாராவி, சயான், மாதுங்கா, செம்பூர், கோவண்டி, அதைத் தாண்டியும். அதில் தமிழ் உண்டு, மராத்தி உண்டு, குஜராத்தி உண்டு. ஒருத்தியையும் நான் "மம்மி பிளாகர்" என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் நம்பரைப் பார்த்தால் நாற்பது பேரும் போனை எடுப்பார்கள். வேறு எந்த ஆபீசுக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அந்த நாற்பது பேரையும் ஒரே கடிதத்தில் இழக்கப் பார்த்தேன்.

ஒரு டயப்பர் கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். அதன் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அபினவ், டெல்லிப் பக்கத்து இளைஞர், மரியாதையானவர், எதையும் படக் படக்கென்று முடிக்க வேண்டும் அவருக்கு. ராத்திரி முழுக்க ஈரம் தாங்குகிற புது டயப்பர் அது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது அம்மாக்களும் நிம்மதியாகத் தூங்கும் தங்கள் குழந்தையைப் படம் எடுத்துப் போட வேண்டும். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள் என்றார். நானும் உருகித்தான் போனேன். கடிதம் எழுதினேன். ராமநாதன் சார் முன்னால் படித்தேன். ஒரு தட்டு இல்லை. மொத்தமும் "ம்", "ம்" என்றே போயிற்று. நாற்பது பேரும் சரி என்று பதில் போட்டார்கள். பெட்டிகள் போயின.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஒரு படம்கூட வரவில்லை. சாயங்காலம் ஒரே ஒருத்தி பெட்டியை மட்டும் படம் எடுத்துப் போட்டாள், அதுவும் மூடியிருந்த பெட்டி.

திங்கட்கிழமை மத்தியானம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஒருத்திக்கு நெட் வரவில்லை. ஒருத்தியின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒருத்தி வீட்டில் விருந்தாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை, அதை அப்போது நான் கவனிக்கவில்லை. நாற்பது வீட்டில் ஒரே நாளில் போன் கெடுமா? ஏதோ இருக்கிறது, என்னிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

அபினவுக்கோ கோபம் வந்தது. மேலிடத்தில் தேதி சொல்லிவிட்டார், பாவம். செவ்வாய்க்கிழமை, அம்மாக்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரு நோட்டீஸ் வாசகத்தையே எனக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரத்தில் படம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதை மீறியவர்கள் என்று அவர்கள் பெயர் மற்ற கம்பெனிகளுக்கும் தெரிவிக்கப்படும். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பெயர், கிரேஸ்.

அந்தக் காகிதம் போனால் அப்புறம் என் குரலை யார் நம்புவார்கள்? இத்தனை வருஷம் மத்தியானம் மத்தியானமாகப் பேசிச் சேர்த்த பெயர், ஒரு வெள்ளைத் தாளில் போய்விடும். அதோடு கூட அந்தப் பெண்களின் பெயரும் கெடும்.

மறுநாள் பஸ் பிடித்துக் கோவண்டிக்குப் போனேன். செல்வி வீடு அங்கே. தமிழையும் இந்தியையும் கலந்துகட்டி எழுதுவாள், படித்தால் சிரிப்பை அடக்க முடியாது. பூர்வீகம் எங்கள் பக்கம்தான். ஒற்றை அறை வீடு. அவள் கணவர் டிராம்பே பக்கம் ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்து பட்டப்பகலில் தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மாதப் பையன் விழித்துக்கொண்டு அவர் வயிற்றில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். கன்னத்தில் அச்சு வெல்லம் மாதிரி பெரிய மைப்பொட்டு.

"போன் ரிப்பேர் ஆயிட்டுன்னியே, செல்வி?" என்றேன். போன் அவள் கையிலேயே இருந்தது.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க நம்ம ஊரு ஆளுல்லா? தூங்குத பிள்ளையப் போயி யாராவது போட்டோ எடுப்பாவளா? கண்ணு பட்டுராதா? தூங்கும்போது நாமளே உத்துப் பாக்கக் கூடாதும்பாவ, ஊரு பூராவும் பாக்கட்டும்னு போடவா?"

நான் கேட்டேன்.

"லெட்டர் வந்த அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்லதுக்கு? எவ்வளவு ஸ்டைலா எழுதிருந்திய! இதப் போயிச் சொன்னா பட்டிக்காடுன்னு நெனப்பியளோன்னு இருந்துச்சு. மத்தவளுவ எல்லாம் போடுவாளுவ, நாம ஒருத்தி போடலேன்னா தெரியவா போவுதுன்னு விட்டுட்டேன்."

நாற்பது பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் மற்ற முப்பத்தொன்பது பேரை நம்பி, தான் மட்டும் பயந்தவள் என்று எண்ணி, எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க்குக்கூடச் சொல்லத்தான் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

எனக்கு இது தெரியாதா? அதுதான் வெட்கக்கேடு. என் அப்பா சர்ச் கமிட்டியில் இருந்தவர், திருஷ்டி கழிப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. என் மகன் பிறந்தபோது அம்மா அவருக்குத் தெரியாமல் பிள்ளையின் உள்ளங்காலில் மை வைப்பாள், அதன் மேல் நான் சாக்ஸ் மாட்டிவிடுவேன். சர்ச்சுக்கு அப்படித்தான் தூக்கிப் போவோம். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார், பிள்ளையின் காலில் மை இருக்கும். நானே மாட்டிவிட்ட சாக்ஸ் அது. அப்படிப்பட்ட நான், ஆபீசுக்குள் நுழைந்ததும் வீட்டுப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, தூங்கும் பிள்ளையைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று நாற்பது பேருக்கு எழுதியிருக்கிறேன்.

"எங்கிட்ட வேற என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா, தாரேன்" என்றாள் செல்வி. கணவரைக் காட்டிச் சிரித்தாள். "இந்தா கெடக்காருல்லா, தூங்குத படம்தானே வேணும், இவர எடுத்துக்கோங்க. இவருக்கு எவ கண்ணும் படாது."

நானும் சிரித்தேன். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் அவள் சொன்னது சாதாரண விஷயமில்லை என்று உறைத்தது. திரும்ப உள்ளே போய், "ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா?" என்றேன்.

அன்று சாயங்காலமே ராமநாதன் சார் அறைக்குப் போனேன், தண்ணீர் குடிக்காமல். நடந்ததைச் சொன்னேன். நோட்டீஸை மேசையில் வைத்தேன். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். தப்பு என்னுது, அவங்களுது இல்ல. கம்பெனிக்காரங்களை இழந்தாலும் சரி" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்காத்துலயும் தூங்கற குழந்தையைப் பார்க்கப்படாதும்பா. நானும்தானே கேட்டுண்டிருந்தேன், கிரேஸ்? உன் இங்கிலீஷைக் கேட்டேன், விஷயத்தைக் கேக்கல. பாதித் தப்பு என்னுது." நோட்டீஸை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம்."

பாந்த்ரா குர்லாவில் கண்ணாடிக் கட்டடம், அதில்தான் அபினவின் ஆபீஸ். அபினவ் எங்களுக்குக் காபி சொல்லிவிட்டு, நோட்டீஸ் எப்போது போகிறது என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். இந்தக் காலத்திலுமா என்றார். படித்த பெண்கள், போனில் எழுதிப் பெயர் வாங்கியவர்கள், இதையெல்லாம் நம்புவார்களா?

எனக்கு முன்பே தெரியும், அவருக்கும் நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. மரியாதைக்குத்தான் கேட்டேன், குழந்தை சௌக்கியமா என்று. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, உடனே போனை எடுத்துக் காட்டினார். கொழுகொழுவென்று இருந்தாள். நெற்றியோரத்தில் மை.

"தூங்கும்போது எடுத்தது இருக்கா? அது இன்னும் அழகா இருக்குமே" என்றேன். சத்தியமாக வம்புக்குக் கேட்கவில்லை.

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். குளிக்கிற படம், சிரிக்கிற படம், அழுகிற படம். தள்ளத் தள்ள வேகம் குறைந்தது. கடைசியில் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பீவி லேனே நஹீ தேதி" என்றார் மெதுவாக. மனைவி எடுக்க விடுவதில்லையாம். இதுவரை ஏன் என்று அவர் கேட்டதும் இல்லையாம்.

ராமநாதன் சார் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மனிதர் சிரிப்பை அடக்குவது எப்படி என்று அன்றுதான் பார்த்தேன்.

அப்போது செல்வியின் யோசனையைச் சொன்னேன். குழந்தைக்குப் பதிலாகத் தூங்கும் அப்பா. அவருடைய சம்மதத்தோடு. பிள்ளை பக்கத்தில் விழித்திருக்கட்டும், மையோடு இருக்கட்டும். அபினவ் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. பிள்ளைக்கு எந்த டயப்பர் போட்டாலும் அப்பாக்கள் தூங்குவார்களே, அதில் எங்கள் டயப்பருக்கு என்ன பெருமை?

ராமநாதன் சார் தம் நிதானமான இங்கிலீஷில் சொன்னார்: "அதைத்தான் எல்லா அம்மாக்களும் எழுதப் போகிறார்கள். எழுதிவிட்டு, இந்த வாரம் நானும் தூங்கினேன் என்று முடிப்பார்கள். நீங்கள் விற்பது அந்தக் கடைசி வரியை."

அபினவ் எழுந்து கை கொடுத்தார்.

புதுக் கடிதத்தின் முதல் வரி இப்படி இருந்தது: தூங்கும் குழந்தையைப் படம் எடுக்கச் சொன்னது என் தவறு, மன்னித்துவிடுங்கள். அதைப் படித்தபோது ராமநாதன் சார் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். கடிதம் போன ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போன போன்களெல்லாம் தாமாகவே சரியாகிவிட்டன. மூஞ்சியில் அறைந்தாற்போல் ஒருத்தியாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பாடா" என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்விதான் முதலில் போட்டாள். கணவர் முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். பையன் அவர் வயிற்றில் உட்கார்ந்து அந்தத் தாளை இழுக்கிறான். கீழே எழுதியிருந்தாள்: "ஒருத்தனுக்கு ஏழு மாசம், ஒருத்தருக்கு முப்பத்தி நாலு வருசம். ரெண்டு பேர்ல ராத்திரி எந்திரிக்காதது யாருன்னு கேளுங்க. இந்த வாரம் மட்டும் நானும் எந்திரிக்கல."

அப்புறம் அடைமழைதான். சோபாவில் தூங்கும் அப்பா, லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டே தூங்கும் அப்பா, தாலாட்டுப் பாடப் போய்ப் பிள்ளைக்கு முன்னால் தூங்கிவிட்ட அப்பா. எங்கள் நாற்பது பேரோடு நிற்கவில்லை, நாங்கள் பெட்டி அனுப்பாதவர்களெல்லாம் தங்கள் வீட்டுக்காரரைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் டயப்பர் ஒழுகியது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். அபினவ் எச்சில் விழுங்கினார், ஆனால் நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒழுகலைப் படித்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் ஜனங்கள் நம்பினார்கள் என்று பிறகு அவரே சொன்னார். அன்று ஆபீசில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதோடு நிறுத்தினாலும் எனக்கு வெற்றிதான். ஆனால் என் முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் நான் மிகவும் ரசித்த மத்தியானம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

அதே கம்பெனி இன்னொரு திட்டம் வைத்திருந்தது. கடிதம் வெளியே போகுமுன் செல்வி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதற்கான சம்பளத்தோடு அவளை வரவழைத்தார்கள். நீளமான மேசை, ஏழெட்டு அதிகாரிகள். செல்வி பச்சைச் சுடிதாரில், பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்துக் காட்டினார்கள். அம்மாக்கள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளையின் எடையை எழுத வேண்டும், அதற்கேற்ற அளவு டயப்பர் வீடு தேடி வரும். போன சில மாதங்களாகவே சிலருக்கு அப்படித்தான் அனுப்புகிறார்களாம், இனி எல்லாருக்கும்.

செல்வி கையைத் தூக்கினாள். கோவண்டி இந்தியில்தான் பேசினாள், நான் தமிழில் தருகிறேன். "வெயிட்ட எழுதச் சொன்னா எவளும் நெசத்த எழுத மாட்டா. பிள்ள கனமா இருக்குன்னு யாராவது வெளிய சொல்லுவாளா? ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கொறச்சுத்தான் எழுதுவா. நான் அப்படித்தான் எழுதுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அபினவ் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எதையோ தேடினார். பிறகு திரையைத் திருப்பி மற்றவர்களுக்குக் காட்டினார். மாதக்கணக்காக வந்துகொண்டிருந்த புகார்கள். அனுப்பிய டயப்பர் சின்னதாக இருக்கிறது, தொடையில் இறுக்குகிறது, இடுப்பில் கிழிகிறது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள், துணியைச் சோதித்துவிட்டார்கள், காரணம் மட்டும் கிடைக்கவில்லையாம்.

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேரும் செல்வியைப் பார்த்தார்கள். அவள் பையன் வாயிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கை தட்டிவிடுவேனோ என்று பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அபினவ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, தன் நோட்டைத் திறந்து, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "செல்வி மேடம், ஏக் பார் ஃபிர் சே போலியே" என்றார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று.